டிகிரி இருக்கு, ஆனா குளிக்க நாலு தடவ சொல்லணும்: ஆட்டிசம் உள்ள பெரியவங்க பத்தி உங்க கேள்விகள்

இந்த வாட்டி வந்ததுல முக்காவாசி 18 வயசு தாண்டினவங்க பத்திதான். ஸ்கூல் முடியற வரைக்கும் தெரபி தெரபின்னு ஓடிட்டு அதுக்கப்புறம் திக்குனு நிக்கறோம்ல.

கே: பையனுக்கு 23, பி.காம் முடிச்சிட்டான், கணக்குல புலி. ஆனா குளிச்சு கிளம்பறதுக்குள்ள நான் நாலு தடவ கத்தணும். சோம்பேறித்தனமா?

ப: இல்லம்மா. ஐக்யூ வேற, ஒரு வேலைய தானா ஆரம்பிச்சு முடிக்கறது வேற. நாம "குளி"ன்னு ஒத்த வார்த்தை சொல்லிட்டு போயிடறோம், அதுக்குள்ள ஹீட்டர் போடு, துண்டு எடு, தண்ணி விளாவுன்னு பத்து வேலை ஒளிஞ்சிருக்கு. என்கிட்ட வர்ற ஒரு பையன் துண்டோட பாத்ரூம் வாசல்லயே இருபது நிமிஷம் நிப்பான், வீட்ல அடம்னு நினைச்சாங்க, பாத்தா ஹீட்டர எப்ப போடணும்ங்கறதுதான் அவனுக்கு பிடிபடல. ஆறு படம் லேமினேட் பண்ணி கதவுல ஒட்டினோம், மொத படமே ஹீட்டர் ஸ்விட்ச். நீங்களும் கத்தறத விட்டுட்டு படத்த மட்டும் காட்டுங்க. இல்லன்னா உங்க குரல்தான் அவனுக்கு ஸ்விட்ச்னு ஆயிடும், நீங்க ஒரு நாள் ஊருக்கு போனா கட்டில்லயே உக்காந்திருப்பான்.

கே: நானே ஆட்டிசம் உள்ளவன்தான், ஐடி வேலை. ஆபிஸ்ல சிரிச்சு பேசிடறேன், வீட்டுக்கு வந்தா ஷூ கூட கழட்டாம தரையில படுத்துடறேன்.

ப: பகல் பூரா டியூப்லைட், ஏசி இரைச்சல், பக்கத்து சீட் சென்ட், இதுக்கு நடுவுல மத்தவங்க மாதிரி நடிக்கணும். தெம்பு அங்கயே தீர்ந்துடுது தம்பி. ஓரமா ஒரு சீட், ஹெட்போன், வேலைய வாய்ல சொல்லாம மெயில்ல தர்றது, இத கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல தனியார் கம்பெனியும் சம வாய்ப்புக் கொள்கை வச்சிருக்கணும்னு இருக்கு, ஹெச்ஆர்கிட்ட அத காட்ட சொல்லுங்க. சாயங்காலம் மொத ஒரு மணி நேரம் யாரும் உங்ககிட்ட பேச வேணாம்னு வீட்லயும் சொல்லிடுங்க.

கே: பொண்ணுக்கு 19, பேச்சு கிடையாது. ரெண்டு மாசமா கைய கடிச்சுக்கறா. மாத்திரை கூட்டணுமா?

ப: அதுக்கு முன்னாடி பல், காது, மலச்சிக்கல், மாதவிடாய் வலி நாலையும் டாக்டர் பாக்கட்டும். எந்தெந்த தேதில கடிக்கறான்னு காலண்டர்ல ஒரு புள்ளி வைங்க, மாசாமாசம் ஒரே வாரத்துல புள்ளி குவிஞ்சா விஷயம் அங்கயே தெரிஞ்சிடும். அப்பப்ப கண்ணு நிலைகுத்தி நிக்கறாளான்னும் கவனிங்க, வலிப்பு டீன் ஏஜ்லயும் ஆரம்பிக்கலாம்.

கே: பிள்ளைக்கு 18 ஆச்சு, பேங்க்ல கார்டியன் பேப்பர் கேக்கறாங்க. அப்பாம்மா நாங்க இருக்கும்போது எதுக்கு?

ப: 18 ஆனா சட்டப்படி அவர் மேஜர், நீங்க தானா கார்டியன் கிடையாது. 1999 தேசிய அறக்கட்டளை சட்டப்படி உள்ளூர் அளவிலான குழுவுக்கு மனு போடணும், கலெக்டர் ஆபிஸ்ல விசாரிங்க. ஆனா எல்லாருக்கும் இது வேணும்னு இல்ல. கையெழுத்து போட்டு, பணம்னா என்னன்னு புரிஞ்சுக்கற பிள்ளைக்கு ஜாயின்ட் அக்கவுன்டே போதும், அவசரப்பட்டு உரிமைய பறிக்காதீங்க. யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எடுத்துட்டு, தேசிய அறக்கட்டளையோட நிராமயா மருத்துவ இன்சூரன்ஸுக்கும் எழுதி போடுங்க, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் கவர் ஆகும், தெரபி செலவும் அதுல உண்டு.