நானே கேட்டுச் செய்துகொண்ட ஆபரேஷன்தான், ஆனாலும் அழுகை வருகிறது

எனக்கு வயது 24. சின்ன வயதிலிருந்தே கீழ்த்தாடை துருத்திக்கொண்டிருக்கும். முன்பல்லால் ஒரு கொய்யாவைக்கூடக் கடிக்க முடியாது. ஒன்றரை வருடம் க்ளிப் போட்டு, மூன்று வாரத்துக்கு முன் இரண்டு தாடைக்கும் ஆபரேஷன் முடிந்தது. கஞ்சியும் ஜூஸும் சிரிஞ்சில்தான் இறங்குகின்றன. கீழுதடு மரத்துக் கிடப்பதால் கஞ்சி தாடையில் வழிவதுகூடத் தெரிவதில்லை. கண்ணாடியில் யாரோ ஒருத்தி நிற்கிறாள். இரவானால் அழுகை அடங்கவில்லை. "நீயாத்தானே பிடிவாதம் பிடிச்சே, இப்ப என்ன அழுகை?" என்கிறார் அம்மா. பார்க்க வந்த அத்தை, "முகத்துல இருந்த களையே போச்சே" என்றுவிட்டார். பழைய முகத்தோடே இருந்திருக்கலாமோ?

- பெயர் வேண்டாம்

அன்புத் தோழிக்கு,

விரும்பிச் செய்துகொண்டதால் அழுகை வரக்கூடாது என்று இல்லை. தாடை ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் மனம் சோர்ந்துபோவது பலருக்கும் நடப்பதுதான். வலி, தூக்கமின்மை, வயிறு நிறையாத நீராகாரம், நினைத்ததைப் பேச முடியாத வாய் எல்லாம் சேர்ந்து அழுத்துகின்றன. வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் மனநிலையைக் கொஞ்சம் ஆட்டலாம். இதையெல்லாம் டாக்டர்கள் முன்கூட்டியே உங்களையும் அம்மாவையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது தெரிவது உங்கள் முடிவான முகம் இல்லை. வீக்கத்தில் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். மிச்சம் வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு ஆபரேஷனில் இழுபடுவதால்தான் உதடு மரத்திருக்கிறது. பெரும்பாலும் உணர்ச்சி மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். சிலருக்குக் கொஞ்சம் மரப்பு தங்கிவிடுவதும் உண்டு. அடுத்த செக்கப்பில் சர்ஜனிடம் இதை நேராகக் கேளுங்கள்.

இத்தனை வருடம் பார்த்த முகம் மாறினால் பழக நாளாகும். பழைய முகத்துக்காக ஏங்குவது நன்றிகெட்டதனம் இல்லை. அந்த முகத்தோடுதானே வளர்ந்தீர்கள்! கண்ணாடி முன் நிற்கும் நேரத்தைக் குறையுங்கள். வாரம் ஒரு படம் எடுத்து வைத்தால் மாற்றம் தெரியும். அம்மாவிடம் பேச வாய் வராவிட்டால், "சமாதானம் சொல்ல வேண்டாம்மா, பக்கத்துல உட்காரு" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அத்தை போன்றவர்களைக் கொஞ்ச நாள் கழித்து வரச் சொல்லும் வேலையையும் அம்மாவிடமே விடுங்கள்.

இன்னும் இரண்டு வாரத்தில் அழுகை குறையவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.