பிளேட்டோ ஏன் கதை சொன்னார்?

கேள்வி: ‘குடியரசு’ நூலில் ஹோமர் முதலிய கவிஞர்களுக்குத் தம் இலட்சிய நகரில் இடமில்லை என்று வாதிடும் பிளேட்டோ, அதே நூலை ஒரு தொன்மக் கதையோடு முடிக்கிறார். இது முரண் அல்லவா?
— வாசகர், திருச்சி

பதில்: முரண் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் பிளேட்டோ எதை மறுத்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தெய்வங்கள் பொய் சொல்வதாகவும், தமக்குள் போரிடுவதாகவும், மகன் தந்தையைத் தண்டிப்பதாகவும் பாடும் கதைகள் இளம் மனங்களில் ஆழப் பதிந்துவிடும் என்பதே அந்நூலின் 2, 3ஆம் பகுதிகளில் அவர் வைக்கும் குற்றச்சாட்டு. அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, திருட்டையும் பிறன்மனை நயத்தலையும் வஞ்சகத்தையும் தெய்வங்கள் மேல் ஏற்றிவிட்டார்கள் என்று ஹோமரையும், இன்னொரு பழங்கிரேக்கக் கவிஞரான ஹெசியடையும் செனோஃபனீஸ் என்ற சிந்தனையாளர் கண்டித்திருந்தார். கவிதையை மிகக் கடுமையாகத் தாக்கும் 10ஆம் பகுதியிலும், தெய்வத் துதிகளுக்கும் நல்லோரைப் புகழும் பாடல்களுக்கும் பிளேட்டோ இடம் தருகிறார். எனவே கதை சொல்வதையே அவர் விலக்கினார் என்று கொள்ள முடியாது.

நீங்கள் குறிப்பிடும் கதை, பம்ஃபீலியாவைச் சேர்ந்த எர் என்ற வீரனைப் பற்றியது. போரில் இறந்த அவன் உடல் 10ஆம் நாளில் அழுகாமல் கண்டெடுக்கப்படுகிறது. 12ஆம் நாளில் சிதையின் மேல் கிடக்கும்போது அவன் உயிர்பெற்று, மறுமையில் கண்டதைச் சொல்கிறான். தண்டனையோ வெகுமதியோ பெற்று ஆயிரமாண்டுப் பயணத்தை முடித்த ஆன்மாக்கள், விதித் தேவதைகள் மூவர் முன்னிலையில், அடுத்த பிறவியைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். யார் முதலில் தேர்வது என்பதைச் சீட்டு முடிவு செய்யும். எதைத் தேர்வது என்பது ஆன்மாவின் பொறுப்பு. ‘பழி தேர்ந்தெடுத்தவரையே சேரும், கடவுள் மேல் பழி இல்லை’ என்று அங்கே அறிவிக்கப்படுகிறது.

முதல் சீட்டைப் பெற்றவன் சற்றும் ஆராயாமல் மிகப் பெரிய கொடுங்கோலனின் வாழ்வைப் பற்றிக்கொள்கிறான். தன் பிள்ளைகளையே தின்ன நேரும் என்பது அந்த வாழ்வில் அடங்கியிருப்பதைப் பிறகுதான் காண்கிறான். கண்டபின் தன்னை நொந்துகொள்ளாமல் விதியையும் தெய்வங்களையும் தூற்றுகிறான். அவன் முற்பிறவியில் தீயவனாக இருந்தவன் அல்லன். ஒழுங்கான நகரில் வாழ்ந்து, தத்துவப் பயிற்சி இல்லாமல் பழக்கத்தால் மட்டுமே நல்லவனாக இருந்தவன். கடைசிச் சீட்டைப் பெற்ற, ஹோமரின் காவிய நாயகன் ஒடிசியஸோ, பட்ட துன்பங்களின் நினைவால் புகழாசை நீங்கியவராய், மற்றவர்கள் ஒதுக்கிவிட்ட ஒரு சாதாரணக் குடிமகனின் வாழ்வைத் தேடியெடுத்து, முதல் சீட்டு கிடைத்திருந்தாலும் இதையே எடுத்திருப்பேன் என்கிறார்.

நூல் முழுவதும் நடந்த வாதத்தின் உரைகல் இந்த இரண்டு தேர்வுகளே என்று நான் கருதுகிறேன். நீதி தன்னளவிலேயே நன்மையானது என்பதை வாதம் நிறுவ முயல்கிறது. ஆனால் அதற்குத் தலையசைக்கும் ஒருவர், எல்லா வாழ்வுகளும் கண்முன் விரித்து வைக்கப்பட்டால் எதைக் கையில் எடுப்பார் என்பது வேறு கேள்வி; அந்த இடத்தில் வாசகரை நிறுத்தக் கதையால் முடிகிறது. பழக்கத்தால் வந்த நற்குணம் போதாது என்பதை எத்தனையோ பக்கங்கள் விளக்கியும் உறைக்காத வாசகருக்குக்கூட, முதல் சீட்டுக்காரனின் அலறல் உறைத்துவிடும்.

அதே வேளையில், கதையை நிரூபணமாக அவர் நீட்டுவதில்லை. தம் ஆசான் சாக்ரடீஸின் இறுதி நாளைச் சொல்லும் ‘ஃபைடோ’ என்ற உரையாடல் நூலில் மறுமை உலகை விரிவாக வருணித்தபின், எல்லாம் அப்படியேதான் இருக்கும் என்று வற்புறுத்துவது அறிவுள்ளவருக்குத் தகாது, ஆயினும் இதுவோ இது போன்றதோ உண்மை என நம்பும் துணிவு அழகானது என்கிறார் சாக்ரடீஸ். மரணத்துக்குச் சில மணி நேரமே இருக்கும்போது சொல்லப்படுவதால் அந்த நிதானம் என்னை எப்போதும் நெகிழச் செய்கிறது.

கேள்வி: அரிஸ்டாட்டில் தொன்மங்களை அறவே ஒதுக்கிவிட்டாரா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தம் வாதங்களில் பிளேட்டோவைப் போல அவர் கதைகளைக் கட்டவில்லை, ஹெசியட் போன்றோர் தொன்ம வடிவில் சொன்ன விளக்கங்களைத் தீவிரமாக ஆராய்வது பயனற்றது என்று ‘மெய்ப்பொருளியல்’ நூலில் ஓரிடத்தில் எழுதுகிறார். ஆனால் அதே நூலின் தொடக்கத்தில், தத்துவம் வியப்பிலிருந்து பிறக்கிறது, தொன்மமும் வியப்புகளால் ஆனது, ஆகவே தொன்மத்தை நேசிப்பவரும் ஒருவகையில் தத்துவஞானியே என்கிறார். வான்கோளங்கள் தெய்வீகமானவை என்ற முன்னோர் கருத்தில் மனித உருவத் தெய்வங்கள் பின்னர் சேர்க்கப்பட்டவை என்று களைந்துவிட்டு, எஞ்சியதைப் பழைய அறிவின் எச்சமாக மதித்து ஏற்றுக்கொள்ளவும் செய்கிறார்.