பெட்டியைப் பிரிக்கும் முன் பெயரை ஒட்டுங்கள்: ஜெர்மனி போகும் குடும்பங்களின் கேள்விகள்

சின்னக் குழந்தைகளோடு ஜெர்மனிக்குக் குடிபோகும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கணவருக்கு மியூனிக்கில் வேலை, புளூ கார்டு (வேலை, குடியிருப்பு அனுமதி). நாலு வயது மகள், ஒன்றரை வயது மகனோடு அடுத்த மாதம் கிளம்புகிறோம். முதல் இரண்டு மாதம் சர்வீஸ் அபார்ட்மென்ட். போனதும் எதை முதலில் செய்வது?
(வாசகி, கோவை)

முகவரிப் பதிவு. அங்கே அதை 'அன்மெல்டுங்' என்பார்கள். வீடு புகுந்த 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் குடும்பம் முழுவதையும் பதிய வேண்டும் என்பது சட்டம். வருமான வரி எண், குழந்தைகள் உதவித்தொகை, குழந்தைகள் காப்பகத்தில் இடம் எல்லாம் இதன் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

இதற்கு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. 'இன்னார் இந்தத் தேதியில் குடிவந்தார்கள்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் ஒன்று வேண்டும். சர்வீஸ் அபார்ட்மென்ட்காரர்களில் சிலர் அதைத் தருவதில்லை. முன்பணம் கட்டும் முன்பே, 'அந்தப் படிவம் தருவீர்களா?' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக நேர முன்பதிவையும் ஊரிலிருந்தே போட்டுவிடலாம். பெரிய நகரங்களில் உடனே நேரம் கிடைப்பது கஷ்டம். திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலும், உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பும் கைப்பையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டியில் போட வேண்டாம்.

அடுத்தது, நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம். ஜெர்மனியின் அடுக்குமாடிகளில் ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் தனி எண் பெரும்பாலும் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நம் பாஸ்போர்ட்டிலோ அப்பாவுக்குத் தாத்தா பெயர், பிள்ளைகளுக்கு அப்பா பெயர், அம்மாவுக்கு அவர் தந்தை பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். மூன்றையும் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள், பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டல் மாறாமல். ஒன்றை விட்டால் அந்தப் பெயருக்கு வரும் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண்ணும் வங்கி அட்டையும் தபாலில்தான் வருகின்றன. வரி எண் ஒன்றரை வயதுக்காரருக்கும் தனியாக உண்டு.

அந்த எண்கள் கைக்கு வந்ததும் குழந்தைகள் உதவித்தொகைக்கு, அதாவது 'கிண்டர்கெல்ட்'டுக்கு, விண்ணப்பம். 2026 ஜனவரி முதல் ஒரு குழந்தைக்கு மாதம் 259 யூரோ. புளூ கார்டு குடும்பத்துக்கு உரிமை உண்டு. தாமதமாக விண்ணப்பித்தால் முந்தைய ஆறு மாதத்துக்கு மட்டுமே பின்தேதியிட்டுக் கிடைக்கும்.

ஒரு கொசுறு: வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம் கணவன் மனைவி இருவர் பெயருக்கும் வரலாம். கட்டணம் வீட்டுக்கு ஒன்றுதான், மாதம் 18.36 யூரோ. ஒருவர் கட்டினால், மற்றவர் அந்தக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் போதும். கடிதத்தைக் குப்பையில் போட்டால் பாக்கி ஏறும்.

இரண்டே முக்கால் வயது மகனுக்குக் காப்பகத்தில் (கீட்டா) இடம் கிடைத்துவிட்டது. தடுப்பூசிச் சான்று, 'பழக்கும் காலம்', உடை என்று பெரிய பட்டியல் தந்திருக்கிறார்கள். எதையெல்லாம் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்?
(வாசகர், ஷ்டுட்கார்ட்)

இடம் கிடைத்ததே பெரிய விஷயம். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் சட்டப்படி உரிமை (2013 ஆகஸ்ட் முதல்) என்றாலும் நடைமுறையில் காத்திருப்பு நீளம்.

தட்டம்மைச் சான்றில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். 2020 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது. ஒரு வயதானால் ஒரு ஊசி, இரண்டு வயது முடிந்தால் இரண்டு ஊசி. சான்று இல்லாமல் கீட்டாவில் சேர்க்க முடியாது. நம் ஊர் அட்டையில் எம்.ஆர். அல்லது எம்.எம்.ஆர். என்று இருக்கும், இரண்டும் செல்லும். ஊரில் முதல் ஊசி 9 மாதத்தில், ஜெர்மனியில் 11 மாதத்தில். இரண்டாவது ஊசி ஒரு வயதுக்குப் பிறகு போடப்பட்டிருந்தால் பொதுவாகச் சிக்கல் வராது. சிக்கல் வருவது கையெழுத்தில்தான். மருத்துவமனை முத்திரையும் தேதியும் தெளிவாக இல்லாத அட்டையை இங்குள்ள மருத்துவர் ஏற்கத் தயங்குவார். ஊரில் இருக்கும்போதே முத்திரை போட்டு வாங்கியிருந்தால் நல்லது. இங்கே குழந்தை மருத்துவர் அதை மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்துக்கு மாற்றித் தருவார். தடுப்பூசி ஆலோசனை பெற்றதற்கான சான்றையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள், கீட்டா கேட்கும்.

பழக்கும் காலத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். பரவலாகப் பின்பற்றப்படும் 'பெர்லின் முறை'யில் முதல் மூன்று நாளும் அப்பாவோ அம்மாவோ அறையிலேயே ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டுக் குழந்தையோடு திரும்ப வேண்டும். நான்காம் நாளில்தான் முதல் பிரிவு, அதிகபட்சம் அரை மணி. அந்த நாள் திங்கட்கிழமையாக வந்தால் தள்ளிவைப்பார்கள், வார இறுதிக்குப் பின் குழந்தை மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பதால். அழுத குழந்தையை ஆசிரியை சில நிமிடத்தில் சமாதானப்படுத்த முடிந்தால் நேரத்தைக் கூட்டுவார்கள். முடியாவிட்டால் மறுபடி சில நாள் நீங்களும் உட்கார வேண்டும். மொத்தம் இரண்டிலிருந்து நான்கு வாரம், சில பிள்ளைகளுக்கு இன்னும் கூட. அதனால் மனைவிக்குப் புது வேலை என்றால் சேரும் தேதியை அதற்குப் பின் வையுங்கள்.

குழந்தை பொம்மையில் மூழ்கியிருக்கும்போது கண்ணில் படாமல் நழுவுவது நம் வீட்டு வழக்கம். கீட்டாவில் அதைச் செய்யாதீர்கள். அடுத்த நாள் குழந்தை விளையாடாமல் வாசலையே காவல் காக்கும். 'அம்மா போயிட்டு, நீ சாப்பிட்டதும் வந்துடுவேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்னபடி வந்துவிடுங்கள்.

உடையைப் பொறுத்தவரை, மழையோ குளிரோ தினமும் வெளியே விடுவார்கள். சளி பிடிக்கும் என்று கீட்டாவில் மன்றாடிப் பலன் இல்லை, சரியான உடுப்பு வாங்குவதே வழி. ஜெர்மன் அளவுகள் உயரத்தை வைத்து: 98 செ.மீ. பையனுக்கு 98. குளிர்கால உடுப்பு மட்டும் ஒரு அளவு பெரிதாக, உள்ளே ஸ்வெட்டர் நுழைய வேண்டுமே. தோள்பட்டி வைத்த ரப்பர் சேற்றுக்கால்சட்டை ஒன்று அவசியம். அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதைப் பூட்ஸின் அடிப்பாகத்தில் மாட்டிக் கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். பூட்ஸுக்குள் சொருகினால் வழியும் தண்ணீரெல்லாம் காலுறைக்குப் போகும். கழுத்துக்குத் தொங்கும் மஃப்ளர் வேண்டாம், சறுக்குமரத்தில் மாட்டிக்கொள்ளும். தலைவழியாகப் போடும் குழாய் வடிவத்தது வாங்குங்கள். இதே காரணத்துக்காகச் செயின், வளையல், கொலுசையும் கழற்றச் சொல்வார்கள். காலணியில் விரலுக்கு முன்னால் 12 மில்லிமீட்டர் இடம் இருக்கட்டும். எல்லாவற்றிலும், ஒற்றைக் கையுறையில்கூட, பெயர் எழுதுங்கள்.

காரில் போகும்போது தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டே குழந்தை இருக்கையின் பெல்ட்டைப் போடுங்கள். ஜாக்கெட்டோடு போட்டாலும் பெல்ட் இறுக்கமாகத் தெரியும், ஆனால் மோதலில் பஞ்சு அமுங்கிவிட்டால் குழந்தைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இடைவெளி விழும்.

மகளுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. வீட்டில் நாங்களும் ஜெர்மன் பேச ஆரம்பிக்கலாமா?
(வாசகி, ஃபிராங்க்ஃபர்ட்)

வேண்டாம். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில், அதாவது தமிழில், நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். அரைகுறை ஜெர்மனை உங்களிடம் கேட்டுப் பழகுவதால் லாபம் இல்லை, அதைக் கீட்டா பார்த்துக்கொள்ளும். முதல் சில மாதம் குழந்தை அங்கே வாயே திறக்காமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம். வீட்டில் தமிழும் சரியாகப் பேசவில்லை என்றால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆசிரியைக்கு ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுங்கள்: தண்ணி, பசிக்குது, சூச்சூ, வலிக்குது, வேணாம், அம்மா வருவாங்க. ஜெர்மன்காரர் படிக்கும் விதத்தில் எழுத வேண்டும். 'வ' ஒலிக்கு 'டபிள்யூ' எழுத்தைப் போடுங்கள். 'வி' போட்டால் பல சொற்களில் 'ஃப' என்று படித்து, 'வேணாம்' என்பது 'ஃபேணாம்' ஆகிவிடும்.

பெரியவளானதும் தமிழ் எழுதப் படிக்க, ஈழத்தமிழர்கள் பல நகரங்களில் நடத்தும் தமிழாலயங்கள் இருக்கின்றன. வார இறுதி வகுப்புகள். கோயில் வேண்டுமென்றால் ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் பெரியது, 2002-இல் குடமுழுக்கு கண்டது.

கீட்டாவில் சேர்ந்ததிலிருந்து பையனுக்கு மாறி மாறிக் காய்ச்சல். லீவு தீர்ந்துகொண்டே வருகிறது. எங்கள் பகுதி குழந்தை மருத்துவர்களும் 'புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை' என்கிறார்கள்.
(வாசகர், பெர்லின்)

முதல் குளிர்காலம் எல்லா வீட்டிலும் இப்படித்தான். உங்கள் சொந்த விடுமுறையைக் கரைக்காதீர்கள். நீங்களும் குழந்தையும் அரசுச் சட்ட மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது ஆண்டுக்குத் தாய்க்கு 15 நாள், தந்தைக்கு 15 நாள் தனியாக உண்டு. தனியாக வளர்ப்பவருக்கு 30. பொதுவாக நிகரச் சம்பளத்தில் 90 சதவீதம் காப்பீடு தரும். மருத்துவரின் சான்று வேண்டும்.

சம்பளம் அதிகம் என்பதால் தனியார் காப்பீட்டுக்கு மாறச் சொல்லி முகவர்கள் வருவார்கள். குழந்தைகள் உள்ளவர்கள் அவசரப்படக் கூடாது என்பதே எங்கள் கருத்து. சட்டக் காப்பீட்டில் வருமானமில்லாத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதல் கட்டணம் இல்லை. தனியாரில் தலைக்குத் தலை கட்ட வேண்டும், மேலே சொன்ன 15 நாள் பணமும் வராது, திரும்பி வருவதும் கடினம்.

மருத்துவர் கிடைக்காவிட்டால் 116117 என்ற எண்ணின் முன்பதிவுச் சேவையை அழையுங்கள். குழந்தை மருத்துவரிடமும் நேரம் வாங்கித் தருவார்கள். இரவிலும் வார இறுதியிலும் பணியில் உள்ள மருத்துவரைச் சொல்வதும் இதே எண்தான். மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு தப்புதல் என்றால் நேரே அவசர எண் 112. காய்ச்சல் மருந்து கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும், ஆனால் 12 வயது வரை மருத்துவர் சீட்டு எழுதினால் சட்டக் காப்பீடே அதற்குப் பணம் தந்துவிடும். சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், எழுத மாட்டார்கள்.

ஊரிலிருந்து கறிவேப்பிலை, நெய், பால்கோவா கொண்டு வரலாமா?
(வாசகி, டுசல்டார்ஃப்)

மூன்றும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரத் தடை. 2019 டிசம்பரிலிருந்து பழம், காய், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, துரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. கைக்குழந்தையின் பால்பவுடர் 2 கிலோ வரை வரலாம்: பிரிக்காத பாக்கெட், குளிர்சாதனம் தேவைப்படாத வகை. பொடி, அப்பளம், மசாலாவுக்குப் பிரச்சினை இல்லை. கறிவேப்பிலை ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும்.

கீழ் வீட்டு அம்மா, குழந்தைகள் ஓடுகிறார்கள் என்று கடிதம் போட்டிருக்கிறார். சுவரில் கருப்பாகப் பூஞ்சை வேறு. வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா?
(வாசகர், ஹாம்பர்க்)

ஓடுவதற்காகச் சொல்வது அரிது. வயதுக்கேற்ற குழந்தைச் சத்தத்தை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நீதிமன்றங்களின் பொதுவான போக்கு. ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். கூடத்தில் தடித்த கம்பளம் விரியுங்கள், மிக்ஸிக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள், இட்லி மாவை இரவு 11-க்கு அரைக்காதீர்கள்.

பூஞ்சைதான் உங்களுக்குச் செலவு வைக்கும். குக்கர் ஆவி, சோறு வடிக்கும் ஆவி, உள்ளே காயும் துணி எல்லாம் குளிர்ந்த வெளிச்சுவரில் நீராகப் படிகின்றன. ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்து நாள் முழுக்க விட்டால் சுவர் இன்னும் குளிரும், ஈரம் போகாது. ஹீட்டரை மூடி, ஜன்னலை முழுதாக 5 முதல் 10 நிமிடம் திறந்து, மூடி, மறுபடி ஹீட்டர். நாளைக்கு மூன்று நான்கு முறை, சமைத்தவுடன் ஒரு முறை. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி வையுங்கள். இப்போதுள்ள பூஞ்சையைப் படம் எடுத்து உடனே வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்துவைத்தால் பழி உங்கள் மேல் விழும்.

கூடவே குடும்பத்துக்கான பொறுப்புக் காப்பீடு (நாம் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்தை ஈடுகட்டுவது) எடுங்கள். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்த சேதத்துக்குக் குழந்தை சட்டப்படி பொறுப்பில்லை. பெற்றோர் கவனிப்பில் தவறியிருந்தால்தான் அவர்கள் தர வேண்டும். ஆனால் உங்கள் பையன் பக்கத்து வீட்டு டிவியை உடைத்தபின் சட்டம் பேசினால் உறவு கெடும். சின்னக் குழந்தைகளின் சேதத்தையும் ஈடுகட்டும் விதி பாலிசியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மகன் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறான். டிக்கெட் விலை குறைவு என்பதால் விடுமுறைக்கு நாலு நாள் முன்பே சென்னைக்குக் கிளம்பலாமா?
(வாசகி, நியூரன்பெர்க்)

கீட்டா வயதில் முடிந்தது, பள்ளியில் முடியாது. பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம், பொய்க் காய்ச்சல் கடிதத்துக்கு அபராதம் வரும். உங்கள் பவேரியா மாநிலத்து விமான நிலையங்களில் விடுமுறைக்கு முந்தைய நாட்களில் போலீஸார் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்ததும் உண்டு. நெருங்கிய உறவில் திருமணம், துக்கம் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், தலைமையாசிரியர் அனுமதிக்கலாம். டிக்கெட் விலை காரணமாகாது.

தம்பி தங்கை இன்னும் கீட்டாவில்தான் என்றால் அவர்களைப் பாட்டியிடம் அதிக நாள் விடலாம். புளூ கார்டு குடும்பத்தினரின் அனுமதி 12 மாதம் வரை வெளியே இருந்தாலும் பொதுவாகக் காலாவதியாகாது, மற்ற அனுமதிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆறு மாதம்தான். குழந்தை ஒரு பெற்றோரோடு மட்டும் பறந்தால், பிறப்புச் சான்றிதழையும் மற்றவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் வேறாக இருக்கும் நம்மவர்களைத்தான் குடியேற்ற மேசையில் அதிகம் கேட்பார்கள்.