மாதாவைக் கும்பிடுவது சரியா? பினாங்கிலிருந்து ஒரு கலப்பு வீட்டுப் பதில்

கேள்வி: நான் மெதடிஸ்ட். எனக்குப் பேசி முடித்திருக்கும் பெண் கத்தோலிக்கர். அவர்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலை சொல்கிறார்கள். இயேசுவின் தாயைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஏன் இத்தனை வேறுபாடு? யார் சொல்வது சரி? நாளைக்கு அந்தப் படம் என் வீட்டுக்கும் வருமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வரும். தயாராக இருங்கள்.

மற்றதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். என் அம்மா புக்கிட் மெர்தாஜாம் கத்தோலிக்கர், அப்பா பட்டர்வொர்த் மெதடிஸ்ட். அம்மா பக்கம் "கோயிலுக்குப் போறோம், பூசை பார்க்கிறோம்" என்பார்கள். அப்பா பக்கம் "சர்ச்சுக்குப் போறோம், ஆராதனை" என்பார்கள். அங்கே செபம், இங்கே ஜெபம். அங்கே மாதா, இங்கே மரியாள். நான் இரண்டு பக்கமும் சாப்பிட்டு வளர்ந்தவன்.

அம்மாவின் அம்மா இறந்த இரவு. உள்ளே பெட்டியைச் சுற்றி ஜெபமாலை நடக்கிறது. அப்பாவின் சொந்தக்காரர்கள் வெளியே கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காப்பியோடு உட்கார்ந்துவிட்டார்கள். என் அத்தை மட்டும் உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தார். ஜெபமாலை எப்படிப் போகும் என்று பார்த்திருப்பீர்கள். ஒருவர் முன்பாதியைச் சொல்வார்: "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே..." மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பின்பாதி: "புனித மரியே, இறைவனின் தாயே, பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்." அத்தை தலைகீழாகச் செய்தார். முன்பாதியை அவரும் முணுமுணுத்தார். கூட்டம் பின்பாதியைத் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார். ஐம்பது தடவையும் அப்படியே.

பிறகு கேட்டேன். "முதல் பாதி லூக்காவில இருக்குப்பா, தூதன் சொன்னதும் எலிசபெத்து சொன்னதும். அதை நான் ஏன் சொல்லாம இருக்கணும்? ரெண்டாவது பாதி பைபிள்ல இல்லை" என்றார். மெதடிஸ்ட் போன்ற சீர்திருத்த சபைகளின் நிலைப்பாட்டை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாஸ்டரும் எனக்குச் சொன்னதில்லை. மரியாளை மதிக்கலாம், பாக்கியவதி என்று சொல்லலாம், ஆனால் அவரிடம் எதையும் கேட்கக்கூடாது. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்கிறதே, அதுதான் அவர்களின் ஆணிவேர். அதற்குக் கத்தோலிக்கரின் பதில்: "எனக்காக ஜெபம் பண்ணுங்க என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பதில்லையா? அதைப் பரலோகத்தில் இருப்பவரிடம் கேட்கிறோம், அவ்வளவுதான்." அத்தையும் விடமாட்டார்: "பக்கத்து வீட்டு அக்கா காதுல விழும்."

இந்தச் சண்டை தமிழில் இன்னும் மோசமாவதற்கு ஒரு காரணம் உண்டு என்பது என் எண்ணம். "மாதாவைக் கும்பிடுறீங்களா?" என்ற கேள்விக்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நாம் கடவுளையும் கும்பிடுகிறோம், கல்யாண வீட்டில் பெரியவர்களையும் கும்பிடுகிறோம். இறையியலாளர்கள் கிரேக்கச் சொற்களால் இதைப் பிரித்து வைத்திருந்தார்கள். கடவுளுக்கு மட்டும் உரியது லாட்ரியா, புனிதர்களுக்குத் தருவது டூலியா. மரியாவுக்கு அதைவிட ஒரு படி கூடுதலான வணக்கம் என்பதால் இறையியலில் அதற்கு ஹைப்பர்டூலியா என்று பெயர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்று பிரிப்பார்கள். ஏட்டில் சரி. ஆனால் ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவில், மெழுகுவத்தியோடு முட்டி போட்டிருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்து அது லாட்ரியாவா டூலியாவா என்று யார் பிரிப்பது? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதில் மெதடிஸ்ட்டுகளின் சந்தேகத்தைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது பைபிள். இரண்டு வீட்டிலும் கையில் இருப்பது வேறு வேறு மொழிபெயர்ப்பு என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அப்பா வீட்டுப் பழைய பைபிளில் தூதன் "கிருபை பெற்றவளே, வாழ்க" என்கிறான். அம்மா வீட்டுத் திருவிவிலியத்தில் "அருள்மிகப் பெற்றவரே வாழ்க!" அங்கே "வளே", இங்கே "வரே". கிரேக்க மூலத்தில் இருப்பது கெகாரிடோமெனே என்ற ஒரே சொல், அருள் பெற்ற நிலையில் இருப்பவள் என்று பொருள். லத்தீனில் அதை "அருள் நிறைந்தவள்" என்று போட்டார்கள், ஜெபமாலையில் இன்றும் அதுதான் ஒலிக்கிறது. கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோன இடத்தைப் பாருங்கள். பழைய பைபிளில் இயேசு "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன" என்கிறார். திருவிவிலியத்தில் "அம்மா, அதைப்பற்றி நாம் என்ன செய்ய முடியும்?" மூலத்தில் இருப்பது பெண்ணே என்ற விளி. அந்தக் காலத்தில் அது மரியாதைக் குறைவான அழைப்பு இல்லை, ஆனால் "அம்மா" என்ற சொல்லும் அங்கே இல்லை. ஒரு பைபிள் அவரைத் தள்ளி நிறுத்துகிறது, இன்னொன்று பக்கத்தில் இழுத்துக்கொள்கிறது. இப்படிப் படித்து வளர்ந்த இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால் சண்டை வராமல் என்ன செய்யும்?

இயேசுவின் சகோதரர்கள் விவகாரமும் உங்கள் காதுக்கு வரும். மாற்கு 6:3இல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று பெயரே இருக்கிறது. இன்றைய சீர்திருத்த சபைகளில் பெரும்பாலானவை, இவர்கள் மரியாளுக்கும் யோசேப்புக்கும் பின்னால் பிறந்த பிள்ளைகள் என்கின்றன. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில், யோசேப்பின் முந்தைய திருமணத்துப் பிள்ளைகள் என்பது வழக்கம். பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் 4ஆம் நூற்றாண்டில், இவர்கள் மரியாவின் சகோதரி பிள்ளைகள் என்றார், கத்தோலிக்கர் அந்த வழி. இது நமக்கு எளிதாகப் புரிய வேண்டிய விஷயம். சின்னம்மா மகன் நமக்குத் தம்பிதானே? மலாயில் செபுபு என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், நம் பிள்ளைகளும் இப்போது கசின் என்கிறார்கள், ஆனால் என் பாட்டிக்கு எல்லாரும் அண்ணன் தம்பிதான். அதற்காக ஜெரோம் ஜெயித்துவிட்டார் என்று ஆகாது. கிரேக்கத்தில் கசினுக்குத் தனிச்சொல் உண்டு, கொலோசெயர் 4:10இல் மாற்குவைக் குறிக்க அது வந்திருக்கிறது. சுவிசேஷம் எழுதியவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை.

இங்கே உங்களுக்கு ஒரு வேடிக்கை. உங்கள் சபையின் மூலவர் ஜான் வெஸ்லி 1749இல் ஒரு கத்தோலிக்கருக்கு எழுதிய கடிதத்தில், மரியாள் இயேசுவைப் பெற்ற பிறகும் கன்னியாகவே இருந்தார் என்று நம்புவதாக எழுதியிருக்கிறார். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரும் அதையே நம்பினார். வருங்கால மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மீன்தலை இரண்டாவது தடவை பரிமாறப்படும். அத்தையிடம் சொன்னபோது எனக்கு ஒரு வாரம் பேச்சு இல்லை.

"இறைவனின் தாய்" என்ற பட்டத்தில் நான் அம்மா கட்சி. 431இல் ஆயர்கள் கூடிய எபேசு சங்கத்தில் முடிவானது அது. கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியு "கிறிஸ்துவின் தாய்" என்றால் போதும் என்றார். சங்கம் மறுத்தது, ஏனென்றால் கேள்வி உண்மையில் மரியாவைப் பற்றியது இல்லை. பிறந்த குழந்தை ஒரே ஆள்தான், அந்த ஆள் கடவுள் என்றால் பெற்றவள் கடவுளின் தாய். தலைமையாசிரியரின் அம்மா என்று சொல்கிறோம், அவர் மகனுக்குப் பதவியைப் பெற்றுத் தரவில்லை. (உதாரணம் அரைகுறைதான். பதவி பிறகு வந்தது, இயேசு எப்போதும் கடவுள் என்பதுதான் நம்பிக்கை.) லூத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகளும் எபேசுவை ஏற்கின்றன. அதனால் "கடவுளுக்கே அம்மாவா?" என்று யாராவது கிண்டல் செய்தால், அவர் கத்தோலிக்கரை மட்டும் கிண்டல் செய்யவில்லை.

பிளவு ஆழமாவது இதற்குப் பிறகு வந்த இரண்டு கோட்பாடுகளில். 1854 டிசம்பர் 8 அன்று போப் ஒன்பதாம் பயஸ் அறிவித்தது அமல உற்பவம். இதை எல்லாரும் தப்பாகத்தான் புரிந்துகொள்கிறார்கள், ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவர்கள்கூட. அது இயேசு கன்னியிடம் பிறந்ததைப் பற்றியது அல்ல. மரியா தன் தாய் வயிற்றில் உருவான கணத்திலிருந்தே, ஆதாமிலிருந்து எல்லாருக்கும் வரும் ஜென்ம பாவம் இல்லாதவர் என்பது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் அவரை மகா பரிசுத்தர் என்று பாடினாலும் இந்தக் கோட்பாட்டை ஏற்பதில்லை. இரண்டாவது விண்ணேற்பு, 1950 நவம்பர் 1 அன்று பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தது. மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்கிறது, இறந்தாரா இல்லையா என்பதைத் திறந்தே விட்டிருக்கிறது.

பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் அத்தை மகன் ஒருவன் "1950லதான் கண்டுபிடிச்சாங்க" என்பான். அவனை ஒருநாள் ஜார்ஜ்டவுன் ஃபார்குவார் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். 1818இல் கட்டிய ஆங்கிலிக்கன் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் அசம்ப்ஷன் ஆலயம். 1786 ஆகஸ்டில், பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட் காலத்திலேயே, கெடாவிலிருந்து வந்த யூரேசிய (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு) கத்தோலிக்கர்கள் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின நாள் இங்கே கரையிறங்கியதால் வந்த பெயர் அது. கோட்பாடு வருவதற்கு 164 வருடம் முன்னாலேயே நம் ஊரில் அந்தத் திருநாளுக்குக் கோயில் இருந்திருக்கிறது. அவன் யோசித்துவிட்டு, "சரி, பழசுதான். பழசா இருந்தா பைபிள்ல இருக்குன்னு ஆயிடுமா?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மரியாவின் அம்மா அன்னம்மாள், அப்பா சுவக்கின் பெயர்களே பைபிளில் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் யாக்கோபின் பெயரால் எழுதப்பட்ட ஒரு நூலிலிருந்து வந்தவை. அப்படியிருந்தும் ஜூலை 26 சமயத்தில் புக்கிட் மெர்தாஜாமில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. சீனர், தமிழர், இந்துக்கள்கூட வருகிறார்கள். பழைய பக்தியாக விண்ணேற்பை நான் மதிக்கிறேன். அதை நம்பியே ஆக வேண்டும் என்று 1950இல் கட்டாயமாக்கியதில் மட்டும் நான் அத்தை கட்சி.

கத்தோலிக்கர் எல்லாரும் ஒரே குரல் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மரியாவுக்குத் தனி ஏடு வேண்டுமா, திருச்சபை பற்றிய ஏட்டுக்குள்ளேயே ஓர் அதிகாரம் போதுமா என்று 1963 அக்டோபர் 29 அன்று வாக்கெடுப்பு நடந்தது. உள்ளேயே போதும் என்றவர்கள் 1114, தனியாக வேண்டும் என்றவர்கள் 1074. நாற்பது ஓட்டுதான் வித்தியாசம், அதுவும் ஆயர்களுக்குள். 2025 நவம்பரில் வத்திக்கானே, மரியாவை "இணை மீட்பர்" என்று அழைப்பது பொருத்தமில்லை என்று அறிக்கை வெளியிட்டது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அத்தை அந்தச் செய்தியை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று தடவை போட்டார்.

பெந்தெகொஸ்தே சபைகளில் மரியாளைக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வெளியே பெரும்பாலும் பார்க்க முடியாது. அப்போஸ்தலர் 1:14இன்படி பெந்தெகொஸ்தே நாளுக்காக மேல்வீட்டில் ஜெபித்துக் காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை அத்தை மகனுக்கு அடிக்கடி நினைவுபடுத்துவேன்.

அப்புறம் படம். எங்கள் வீட்டில் அப்பா போட்ட நிபந்தனை: ஹாலில் கூடாது. அம்மா அதை அடுப்படியில், அரிசி டின்னுக்கு மேலே மாட்டினார், கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் விடியற்காலை ஷிஃப்ட், அம்மா எழுவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். நான் எழுந்து வரும்போது அந்த பல்பு எரிந்துகொண்டிருக்கும். அப்பாவிடம் கேட்டால், தண்ணி சுட வைக்க வெளிச்சம் வேண்டாமா என்பார். டியூப் லைட் சுவிட்சும் அதே பலகையில்தான் இருக்கிறது.