பாரசீக விருந்தோம்பல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளுக்கு முன் ஈரானில் இஸ்ஃபஹானுக்கும் ஷிராஸுக்கும் தனியே சென்றிருந்தேன். இஸ்ஃபஹானில் ஒரு டாக்ஸி ஓட்டுநர், கூலியை நீட்டியபோது நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்றார். நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். அது அங்கே வெறும் உபசார வார்த்தை, நான் மறுபடி நீட்டுவேன் என்று அவர் காத்திருந்திருப்பார் என விடுதிக்காரர் பிறகு சொன்னதும் கூசிப்போனேன். அதனால் ஷிராஸ் பேருந்தில் அடுத்த இருக்கையில் இருந்தவர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தபோது அதையும் உபசாரம் என்றே எண்ணி மறுத்துவிட்டேன். அவர் விடாமல் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். இறங்கும்போது அவர் முகம் வாடியிருந்தது. சொல்வதொன்றும் நினைப்பதொன்றுமாக இருக்கும் வழக்கத்தை விருந்தோம்பல் என்று போற்ற முடியுமா? எது மெய்யான அழைப்பு என்று அயலார் எப்படி அறிவது? நான் சைவம் என்பது இன்னொரு தயக்கம். மீண்டும் செல்லும் எண்ணம் இருப்பதால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் எதிர்கொண்ட வழக்கத்துக்கு அங்கே தாரோஃப் என்று பெயர். கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் பணம் வேண்டாம் என்பதும், வாசலில் இருவர் 'நீங்கள் முதலில்' என்று ஒருவரையொருவர் வற்புறுத்தி நின்றுகொண்டிருப்பதும், ஒருவருக்கு முதுகைக் காட்டி உட்கார நேர்ந்தவர் மன்னிப்புக் கேட்க, மற்றவர் 'பூவுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டா' என்று பதில் சொல்வதும் எல்லாம் அதில் அடங்கும். ஈரானியர்களுக்கே இதில் சலிப்பு உண்டு. 'தாரோஃப் வேண்டாம்' என்று விருந்தினரிடம் சொல்வார்கள். சில வேளைகளில் அப்படிச் சொல்வதே தாரோஃபாகவும் இருக்கும்.

ஆனால் இதைப் பொய் என்று நான் ஒப்பமாட்டேன். பொய் என்றால் கேட்பவர் ஏமாற வேண்டும். இங்கே சொல்பவருக்கும் கேட்பவருக்கும் முறை தெரியும். ஓட்டுநர் பணம் வேண்டாம் என்று சொல்லும்போது, உங்களைக் கூலி தரும் ஆளாக மட்டும் அவர் பார்க்கவில்லை என்பதைத் தெரிவிக்கிறார். நீங்கள் மறுபடி நீட்டும்போது அவருடைய உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ள மனமில்லை என்பதைத் தெரிவிக்கிறீர்கள். கடைசியில் பணம் கைமாறத்தான் செய்கிறது. அதற்குள் இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்து முடித்திருக்கிறார்கள்.

இந்த முறைக்கு இன்னும் ஆழமான பயன் ஒன்று உண்டு, அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கையில் இருந்தால்தான் அழைக்கலாம் என்றால் இல்லாதவர் யாரையும் அழைக்கவே முடியாது. அழைத்தால் வந்தே தீர வேண்டும் என்றாலும் அவர் வாயைத் திறக்க அஞ்சுவார். முதல் அழைப்பை மறுப்பதே மரியாதை என்று எல்லோரும் அறிந்திருக்கும் ஊரில், அன்றைக்கு வீட்டில் ரொட்டியும் தயிரும் தவிர வேறொன்றும் இல்லாதவர்கூடத் தலை நிமிர்ந்து 'வீட்டுக்கு வாருங்கள்' என்று சொல்லலாம். விருந்தினர் மறுத்து அவருடைய மானத்தைக் காக்கிறார். மெய்யாகவே அழைக்க விரும்புகிறவருக்கோ மறுபடியும் மறுபடியும் கேட்க வழி திறந்தே இருக்கிறது.

ரொட்டியும் தயிரும் என்று நான் சொன்னதற்குக் காரணம் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1327இல் இஸ்ஃபஹானுக்கு வந்த அவர் அவ்வூர் மக்களைப் பற்றி எழுதும்போது, ஒருவர் நண்பரை 'வாருங்கள், ரொட்டியும் தயிரும் சாப்பிடலாம்' என்று அழைத்துப்போய் வகைவகையான உணவுகளை அவர் முன் பரப்புவார் என்கிறார். அங்கே இளைஞர் கூட்டங்கள் ஒன்றையொன்று விருந்தில் விஞ்சப் பார்த்தன. ஒரு கூட்டத்தார் மெழுகுவத்திகளை எரித்தே சமைத்து விருந்திட, மறு கூட்டத்தார் பட்டுத் துணியை எரித்துச் சமைத்துப் பதில் விருந்து வைத்ததாகவும் கேட்டு எழுதியிருக்கிறார். பிந்தையது வீண் பெருமை, அதைப் போற்ற நான் வரவில்லை. ஆனால் அழைக்கும்போது குறைத்துச் சொல்லி, படைக்கும்போது நிறைத்து வைக்கும் அந்த முதல் பழக்கத்தை ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்தும் நீங்கள் காணலாம். 'ஒரு வாய் தேநீர்' என்றுதான் உங்களை உள்ளே கூப்பிடுவார்கள்.

அடுத்து, மெய்யான அழைப்பை எப்படி அறிவது என்கிறீர்கள். முகமன் பேச்சோடு நின்றுவிடும். நாள், நேரம், முகவரி, வீட்டில் உள்ளவரிடம் அங்கேயே தொலைபேசியில் கேட்பது என்று பேச்சைத் தாண்டி ஏதேனும் ஒன்று வந்துவிட்டால் அது அழைப்பு. உங்கள் பேருந்துத் தோழர் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மெய்யாகவே அழைத்தார், அதில் எனக்கு ஐயமே இல்லை. அந்தத் தாள் இன்னும் உங்களிடம் இருந்தால் இன்றைக்கே அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.

வீட்டு விருந்துக்கு மட்டுமே இவ்வளவு கவனம் தேவை. இஸ்ஃபஹானின் நக்‌ஷ்-இ-ஜஹான் சதுக்கத்தில் மாலையில் குடும்பம் குடும்பமாகப் புல்தரையில் விரிப்பை விரித்து அமர்ந்திருப்பார்கள். ஃபிளாஸ்க்கில் தேநீர், தட்டில் பழங்களோடு பிஞ்சு வெள்ளரிக்காயும் இருக்கும். அயலார் யாரையாவது கண்டால் கையசைத்துக் கூப்பிடுவார்கள். அங்கே ஒருமுறை தயங்கிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதே ஊரின் காஜு பாலத்தின் வளைவுகளுக்கடியில் இரவில் ஆண்கள் கூடிப் பாடுவார்கள்; அங்கேயும் நின்று கேட்பவருக்கு இடம் விடுவார்களே தவிர, யார் நீ என்று விலக்கமாட்டார்கள்.

ஷிராஸில் ஒரு வீட்டில் சாப்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செருப்பை வாசலில் விட்டதும் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள வேறு செருப்பு தந்தார்கள். சிறு கண்ணாடிக் குவளையில் பாலில்லாத தேநீர் வந்தது. சர்க்கரைக் கட்டியை அதில் கரைக்காமல் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு பருகுவது எப்படி என்று வீட்டின் முதியவர் செய்து காட்டினார். பிறகு தரையில் சொஃப்ரே என்னும் துணியை விரித்தார்கள். அரிசியை அரை வேக்காட்டில் வடித்து, எண்ணெயிட்ட சட்டியில் மறுபடி கொட்டி, மூடியைத் துணியால் சுற்றி மூடித் தம்மில் வைப்பது அங்கே வழக்கம். அடியில் பொன்னிறமாக மொறுமொறுவென்று பிடிக்கும் பகுதி தாஹ்திக். வீட்டுப் பிள்ளைகள் அதற்காக அடித்துக்கொள்வார்கள். அன்று அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய துண்டு என் தட்டுக்கு வந்தது. வேண்டாம் என்றதும் அந்த அம்மாள் இன்னொரு துண்டையும் வைத்தார். தட்டைக் காலி செய்தால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதுமென்றால் சிறிது மிச்சம் வைக்க வேண்டும்.

இதில் பயணியின் கடமை ஒன்று இருக்கிறது, அதைப் பலர் நினைப்பதே இல்லை. 2018இல் அமெரிக்கா அணு உடன்பாட்டிலிருந்து விலகித் தடைகளை மீண்டும் விதித்தபின் ஈரானில் விலைவாசி ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கும் மேல் ஏறுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் முன் குவிக்கப்படும் பிஸ்தாவும் இறைச்சியும் அந்தக் குடும்பம் தனக்காக அடிக்கடி வாங்குபவை அல்ல. அப்படியிருக்க, ஈரானில் இத்தனை இரவு இலவசமாகத் தங்கினேன், இத்தனை வேளை செலவில்லாமல் உண்டேன் என்று கணக்குச் சொல்லும் பயணிகளைக் காணும்போது எனக்குக் கோபமே வருகிறது. வெறுங்கையோடு போகாதீர்கள். நல்ல இனிப்புக் கடையில் ஒரு பெட்டி வாங்குங்கள், ஊரிலிருந்து ஏலக்காயோ தேயிலையோ கொண்டுபோங்கள். பணமாகத் தர முயலவே கூடாது.

இன்னொன்று, புகைப்படம். வீட்டுக்குள் பெண்கள் தலையில் துணியில்லாமல் இயல்பாக இருப்பார்கள். உங்களை நம்பி அப்படி இருக்கிறார்கள். அந்தப் படத்தை இணையத்தில் போட்டால் தலைமறைப்புச் சட்டத்தின் பேரால் அவர்களுக்குத் தொல்லை வரக்கூடும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அரசியலையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர்களே தொடங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவம் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது, ஏனென்றால் அங்கே விருந்தென்றால் இறைச்சிதான். அழைப்பை ஏற்றுக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள். சொஃப்ரேயில் அமர்ந்தபின் சொன்னால் சமைத்தவர் மனம் உடைந்துபோகும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரலாம். எனவே கோழியும் மீனும் உண்பதில்லை என்று தனித்தனியே சொல்லுங்கள். முட்டை உண்பீர்கள் என்றால் கவலையே இல்லை: கீரைகளை முட்டையோடு அடித்துப் பொரிக்கும் கூகூ சப்ஸி இருக்கிறது, கத்திரிக்காயைச் சுட்டுத் தக்காளியும் பூண்டும் முட்டையும் சேர்த்துச் செய்யும் கீலான் பகுதியின் மிர்ஸா காசெமி இருக்கிறது. முட்டையும் ஆகாதென்றால் பருப்பும் உலர்திராட்சையும் சேர்ந்த அதஸ் போலோவை இறைச்சியில்லாமல் செய்து தரச் சொல்லலாம். ஆஷ் ரெஷ்தே என்னும் கீரைக் கூழில் மட்டும் எலும்புச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வங்கி அட்டைகள் அங்கே செல்லாது. தேவையான பணத்தை ரொக்கமாகவே எடுத்துச் செல்லுங்கள், இல்லையென்றால் உங்களை அழைத்த வீட்டார் அதற்கும் சேர்த்துக் கவலைப்படத் தொடங்கிவிடுவார்கள். எப்போது செல்வது என்பதை மட்டும் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

அன்புடன்.