யாரை மன்னித்தார் டி ஆண்ட்ரே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்து இத்தாலியப் பாடலாசிரியர் ஃபாப்ரிட்சியோ டி ஆண்ட்ரேயின் ‘மரினெல்லா’ பாடலைக் கேட்டேன். அடுத்து எதைக் கேட்க வேண்டும்? ஒரு சந்தேகமும் உண்டு. ஜெனோவா நகரின் பெரிய தொழிலதிபர், துணை மேயராகவும் இருந்தவர் அவருடைய தந்தை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பாலியல் தொழிலாளிகளையும் திருடர்களையும் பற்றிப் பாடுவது வேஷம் இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அடுத்து, இசைக்கலைஞர் மௌரோ பகானியுடன் சேர்ந்து முழுக்க ஜெனோவாவின் வட்டார மொழியிலேயே அவர் பாடிய 1984ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேளுங்கள். வரிசை போட்டுக் கேட்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். சில நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

பொய்யானவர்களிடம் ஏமாந்துவிடக் கூடாது என்ற உங்கள் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பாட்டு முடிந்த கையோடு பாடியவனின் தகப்பன் யார் என்று விசாரிக்கக் கிளம்புவது சோம்பேறித்தனம். அந்த விசாரணைக்குக் காது தேவையில்லை. நீங்கள் கேட்ட மரினெல்லா, கொன்று ஆற்றில் வீசப்பட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றிய செய்தியிலிருந்து பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பாட்டில் அது உங்களுக்குக் கேட்டதா?

1979 ஆகஸ்ட் 27 அன்று இரவு, சார்டினியாவில் இருந்த தன் பண்ணை வீட்டிலிருந்து அவரும் அவருடைய துணைவியான பாடகி டோரி கெட்சியும் கடத்தப்பட்டார்கள். ஏறத்தாழ நான்கு மாதங்கள் மலைக்காட்டில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஏறக்குறைய 55 கோடி லீரா கைமாறிய பிறகே, டிசம்பரில் விடுவிக்கப்பட்டார்கள். அதில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் நீங்கள் சுட்டிக்காட்டும் அதே தந்தைதான். வழக்கு நடந்தபோது, தங்களுக்குக் காவலிருந்தவர்களை மன்னித்துவிட்டதாக டி ஆண்ட்ரே சொன்னார். ஏவிவிட்டவர்களை மன்னிக்க மறுத்தார். அவர்கள் வசதி படைத்தவர்கள் என்பதே அவர் சொன்ன காரணம். வேஷம் போடுகிறவன் எல்லோரையும் மன்னித்துப் பெரிய மனிதனாகிவிட்டுப் போயிருப்பான். தன்னைக் கட்டிப்போட்ட கைகளுக்குள்ளேயே ஏழை யார், பணக்காரன் யார் என்று பிரித்துப் பார்க்க முடிந்தவனைப் பார்த்து, நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறீர்கள்.

பாடலாசிரியர் மாஸ்ஸிமோ பூபோலாவுடன் சேர்ந்து எழுதி 1981இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் ‘ஹோட்டல் சூப்ரமோன்டே’ என்றொரு பாடல் இருக்கிறது. சூப்ரமோன்டே, கடத்தல்காரர்களின் ஒளிவிடமாகப் பெயர்பெற்ற சார்டினிய மலைப்பகுதி. பாட்டிலோ கடத்தியவர்களைப் பற்றி ஒரு வசைச்சொல் கூட இல்லை. பசியும் தாகமுமாகக் கிடக்கும் காதலியின் உடல்மேல் பனி விழுந்ததைத்தான் அவர் நினைத்துப் பார்க்கிறார். அதே தொகுப்பில், 1864இல் அமெரிக்காவின் சாண்ட் கிரீக் ஆற்றங்கரையில் பூர்வகுடிகள் கொன்று குவிக்கப்பட்டதை ஒரு சிறுவனின் குரலில் பாடுகிறார். படையை நடத்திய கர்னல் சிவிங்டனுக்கு அப்போது 43 வயது. பாட்டில் வருபவனோ நீலக் கண்களும் நீலச் சட்டையும் கொண்ட இருபது வயதுத் தளபதி. கொல்ல வந்தவனையும் ஒரு பையனாகவே பார்க்கிறது அந்தப் பாட்டு. கடத்தல்காரர்களிடமிருந்து மீண்டவர் அடுத்து வெளியிட்ட புதுப் பாடல்களின் தொகுப்பு இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த இரண்டு பாடல்களையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்போதும் வேஷம் என்று தோன்றினால், எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று குறித்து அனுப்புங்கள்.