செபாங் போய் வந்தபின் ஸ்டியரிங் ஆடுகிறதா? உடனே ரோட்டர் மாற்றாதீங்க

ப்ரோ, செபாங் ரேஸ் டிராக்ல ஓட்டிட்டு வந்தபின் 80 கி.மீ. வேகத்துல பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் நடுங்குது, "ரோட்டர் (சக்கரத்தோட சுத்துற பிரேக் டிஸ்க்) வளைஞ்சிருச்சு, நாலையும் மாத்தணும்"னு சிங்கப்பூர் ஊபி வொர்க்‌ஷாப்ல சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்க. ஸ்டியரிங் ஆடுதுன்னா பெரும்பாலும் முன் ரெண்டுதான். பின்னாடி ரெண்டை எதுக்கு மாத்தணும்?

இரும்பு ரோட்டர் நிஜமாவே வளையறது அபூர்வம். டிராக்ல நல்லா சூடேத்திட்டு பிட்ல வந்து பிரேக்கை மிதிச்சபடியே நின்னீங்களா? பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பிரேக் கட்டை) பொருள் அந்த இடத்துல திட்டா ஒட்டிக்கும். அதைச் சீக்கிரம் கவனிக்கலேன்னா திட்டு இன்னும் சூடாகி, ஏறத்தாழ 650–700 டிகிரியில இரும்பே சிமென்டைட்ங்கிற ரொம்பக் கடினமான பொருளா இறுகிடும். அப்புறம் ஸ்கிம் பண்ணாலும் (மேற்பரப்பைச் சீவி எடுத்தாலும்) கொஞ்ச நாள்ல நடுக்கம் திரும்ப வரும்.

முதல்ல வீலைக் கழட்டி ஹப்ல (ரோட்டர் உட்காருற நடுப்பகுதி) துரு இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு அது சகஜம். சுத்தம் பண்ணி, டயல் கேஜ் வச்சு ரன்அவுட்டை (ரோட்டர் சுத்தும்போது பக்கவாட்டுல எவ்வளவு ஆடுதுன்னு) அளக்கச் சொல்லுங்க, 0.05 மி.மீ.க்குள்ள இருந்தா நல்லது. நட்டை இம்பேக்ட் கன்ல இறுக்க விடாதீங்க, டார்க் ரெஞ்ச்தான் (சரியான அளவுக்கு இறுக்குற ஸ்பானர்).

ரன்அவுட் சரியா இருந்தா பேடை மறுபடி பெட்-இன் பண்ணிப் பாருங்க (படிப்படியா சூடேத்தி பேட் பொருளை ரோட்டர்ல சீராப் படிய வைக்கிறது). ஆனா பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல வேண்டாம், அடுத்த டிராக் டேல பண்ணுங்க. ரோட்டர்ல சூட்டுல இறுகின நீலத் திட்டு தெரிஞ்சா மட்டும் முன் ரோட்டரும் பேடும் புதுசு.